பெயர் மாறிய பிறகு தொழிற் சான்றிதழை மாற்றுவது: மட்டக்களப்பு, அம்பாறையில் இருந்து செய்பவர்களுக்கு

கல்யாணம், விவாகரத்து, மதமாற்றம், பிறப்புப் பதிவில் இருந்த பிழையைத் திருத்தியது என்று பெயர் மாறுவதற்குக் காரணம் பல. பெயர் மாறியதும் பலர் முதல் வேலையாகத் தங்களுக்குச் சான்றிதழ் தந்த நிறுவனத்துக்கு ஈமெயில் போடுகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. மருத்துவ சபையோ, பொறியியல் பேரவையோ, வெளிநாட்டுக் கணக்கியல் நிறுவனமோ உங்கள் புதுப்பெயர் சரியா என்று ஆராய்வதில்லை. பழைய பெயரில் பரீட்சை எழுதியவரும் புதுப்பெயரில் விண்ணப்பிப்பவரும் ஒரே ஆள் என்பது கடதாசியில் தெரிகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். அந்தத் தொடர்பு ஓரிடத்தில் அறுந்திருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். அப்படித் திரும்பி வருபவற்றில் பெரும்பாலானவை கொழும்பிலோ லண்டனிலோ பிழைத்தவை அல்ல. இங்கே, கவரை ஒட்டுவதற்கு முன்பே பிழைத்தவை.

ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கல்யாணம் முடித்த பெண் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று இலங்கையில் சட்டம் எதுவும் இல்லை. கிழக்கில் முஸ்லிம் பெண்கள் பெரும்பாலும் தகப்பன் பெயருடனேயே தொடர்கிறார்கள். தமிழ்ப் பெண்களிலும் தாதியர், ஆசிரியர், டொக்டர்மார் பலர் வேலைத்தலத்தில் கன்னிப்பெயரையே வைத்திருக்கிறார்கள். பட்டம், பதிவு, சான்றிதழ், நியமனக் கடிதம் எல்லாம் ஒரே பெயரில் இருந்து, அந்தப் பெயரிலேயே கடவுச்சீட்டும் இருந்தால், தொழிற்பதிவை மாற்றாமல் விடுவதே பல வேளைகளில் நல்ல முடிவு. அடையாள அட்டையிலோ கடவுச்சீட்டிலோ பெயர் ஏற்கெனவே மாறிவிட்டது, அல்லது மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் தொழிற்பதிவும் மாற வேண்டும். இரண்டும் இரண்டு பெயரில் நின்றால் அடுத்த பரீட்சை, அடுத்த வேலை, வெளிநாட்டு விசா என்று ஒவ்வொரு வாசலிலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

ஆங்கில எழுத்துக்கூட்டலை முதலில் முடிவு செய்யுங்கள்

தமிழில் ஒரே மாதிரி எழுதும் பெயர் ஆங்கிலத்தில் நாலு விதமாக வரும். தர்ஷினி என்பதை ஒரு அலுவலகத்தில் 'டீ' போட்டுத் தொடங்குவார்கள், இன்னொன்றில் 'ரீ', 'எச்' சேர்த்துத் தொடங்குவார்கள். கிருஷ்ணபிள்ளையில் 'கே', 'ஆர்' என்ற எழுத்துகளுக்கு நடுவே ஒரு 'ஐ' சில கடதாசியில் இருக்கும், சிலதில் இராது. முகம்மது என்பதற்கு எத்தனை எழுத்துக்கூட்டல் புழக்கத்தில் உண்டென்பது கல்முனையிலும் காத்தான்குடியிலும் உள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தமிழ் வாசிப்பவருக்கு இவை எல்லாம் ஒரே பெயர். கணினிக்கும் வெளிநாட்டு எழுதுவினைஞருக்கும் வேறு வேறு ஆட்கள்.

ஆகையால் ஒரு தாளை எடுத்து, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாதாரண தர உயர்தரச் சான்றிதழ்கள், பட்டம் அல்லது டிப்ளோமா, தொழிற் சான்றிதழ் ஆகிய ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, புள்ளி, இடைவெளி, முதலெழுத்து உட்பட, ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். எங்கே வேறுபாடு என்பது கண்ணுக்கு முன்னால் நிற்கும். பிறகு எந்த எழுத்துக்கூட்டலை இனிமேல் எங்கும் பாவிப்பது என்று தீர்மானியுங்கள். கடவுச்சீட்டு இருப்பவர்கள் அதில் உள்ளதையே எடுப்பது புத்தி. வெளிநாட்டு நிறுவனங்கள் கடைசியில் ஒப்பிட்டுப் பார்ப்பது அதைத்தான்.

முதலெழுத்தும் கவனிக்க வேண்டிய இடம். 'ஏ.எல்.' என்று ஒருவர் போட்டால் அது அகமது லெப்பையா, ஆதம் லெப்பையா என்று ஊருக்குத் தெரியும், கடதாசிக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு தகப்பனின் முதலெழுத்தை எடுத்துவிட்டுக் கணவரின் முதலெழுத்தைப் போடுவதை நாங்கள் பெயர் மாற்றமாகவே நினைப்பதில்லை. தொழிற்பதிவில் அது முழுப் பெயர் மாற்றம். முதலெழுத்து மட்டும் மாறியிருந்தாலும் இரண்டு விரிவையும் முழுதாக எழுதிக் காட்டியே ஆக வேண்டும்.

அடித்தளக் கடதாசி

அடித்தளம் என்பது பெயர் மாறியதற்கு மூல ஆதாரமாக நிற்கும் கடதாசி. பெயர் மாறிய விதத்தைப் பொறுத்து அது வேறுபடும்.

கல்யாணத்தால் மாறியது என்றால் விவாகச் சான்றிதழ். இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. விவாகச் சான்றிதழில் இருவரின் பெயரும் கல்யாணத்துக்கு முன் இருந்தபடிதான் எழுதப்படும். உங்கள் புதுப்பெயர் அதில் எங்கேயும் இராது. பழைய பெயரையும் கணவரின் பெயரையும் அது சேர்த்துக் காட்டும், அவ்வளவுதான். புதுப்பெயரைக் காட்டுவது பிறகு எடுக்கும் அடையாள அட்டையும் கடவுச்சீட்டும். அதனால் விவாகச் சான்றிதழை மட்டும் அனுப்புவது போதாது, புது அடையாள அட்டையை மட்டும் அனுப்புவதும் போதாது. இரண்டும் சேர்ந்துதான் ஒரு சாட்சி.

பெயரையே மாற்றியவர்களுக்கும், மதம் மாறிப் புதுப்பெயர் வைத்தவர்களுக்கும் அடித்தளம் திருத்திய பிறப்புச் சான்றிதழ். 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் கீழ் பெயரைச் சேர்க்கவோ மாற்றவோ விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போய்க் கேளுங்கள். புதுப்பெயரை நீங்கள் உண்மையில் பாவித்து வருகிறீர்கள் என்பதற்கான ஆதாரம் எதுவானாலும் கையோடு கொண்டுபோங்கள். திருத்தம் முடிந்ததும் பழைய பதிவு அழிந்துபோவதில்லை. திருத்தம் அதனுடன் சேர்த்துப் பதியப்படும். அப்படி இரண்டு பெயரும் தெரிவதைப் பார்த்துச் சிலர் சங்கடப்படுகிறார்கள். தொழிற்பதிவு மாற்றும் வேலைக்கு அதைவிட நல்ல கடதாசி கிடையாது, ஏனென்றால் பழைய பெயரும் புதுப்பெயரும் ஒரே அரச ஆவணத்தில் நிற்கின்றன.

விவாகரத்துக்குப் பிறகு கன்னிப்பெயருக்குத் திரும்புகிறவர்கள் மாவட்ட நீதிமன்றப் பதிவகத்திலிருந்து இறுதித் தீர்ப்பாணையின் உறுதிப்படுத்திய பிரதியை எடுக்க வேண்டும். இடைக்காலத் தீர்ப்பாணையை அனுப்பினால் எந்த நிறுவனமும் ஏற்காது, அந்தக் கட்டத்தில் விவாகம் இன்னும் முடியவில்லை. முஸ்லிம்களுக்கு காதி நீதிமன்றத்தின் விவாகரத்துப் பதிவு. விவாகச் சான்றிதழையும் கூடவே வையுங்கள். கன்னிப்பெயர், கணவர் பெயர், திரும்பவும் கன்னிப்பெயர் என்று மூன்று படி இருக்கும்போது நடுப்படிக்குக் கடதாசி இல்லாமல் போனால் குழப்பம்தான்.

பால்நிலை மாற்றத்தோடு பெயரை மாற்றியவர்களுக்கு 2016 முதல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைப்படி பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, அதைக் கொண்டு பிறப்புப் பதிவைத் திருத்தும் வழி உண்டு. இவர்கள் தொழிற்பேரவைக்கு எழுதும்போது, பொதுமக்கள் பார்க்கும் பதிவேட்டில் முன்னைய பெயரைக் காட்ட வேண்டாம், ஆதாரக் கடதாசிகளைத் தனிப்பட்ட கோவையில் மட்டும் வையுங்கள் என்று எழுத்திலேயே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் 'முன்னைய பெயர்' என்ற குறிப்போடு இணையத்தில் ஏற்றிவிடக்கூடும்.

1978ஆம் ஆண்டுச் சூறாவளி, யுத்தகால இடம்பெயர்வு, 2004 சுனாமி என்று இந்தக் கரையோரத்தில் கடதாசி இழந்த குடும்பம் கொஞ்சமல்ல. பிறப்புப் பதிவே கிடைக்காமல் உத்தேச வயதுச் சான்றிதழில் அடையாள அட்டை எடுத்தவர்கள், அந்தச் சான்றிதழையே அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம். அதில் இருக்கும் பெயருக்கும் பள்ளிக்கூட விடுகைப் பத்திரத்தில் இருக்கும் பெயருக்கும் வித்தியாசம் இருந்தால், தொழிற்பதிவுக்குப் போவதற்கு முன் அதைச் சீர்செய்யுங்கள்.

அடையாள அட்டை, பிறகு கடவுச்சீட்டு

அடித்தளம் கையில் வந்ததும் அடையாள அட்டை. கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்திய விண்ணப்பம், அடித்தளக் கடதாசி, பழைய அட்டை, அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவில் எடுத்த படத்தின் பற்றுச்சீட்டு ஆகியவற்றுடன் பிரதேச செயலகத்தின் ஆட்பதிவுக் கிளைக்குப் போங்கள். பழைய அட்டையை அங்கே கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கத்தையும் கலரில் ஸ்கான் பண்ணி வையுங்கள். பிறகு கிடைக்காது. பழைய பெயரில் உங்கள் படத்தோடு இருக்கும் அரச ஆவணம் பெரும்பாலும் அது ஒன்றுதான்.

அட்டை இலக்கத்தையும் பாருங்கள். 2016க்கு முன் எடுத்தவர்களுக்கு 9 இலக்கமும் ஒரு எழுத்தும். இப்போது 12 இலக்கம். பழையதைப் புதியதாக்கும் கணக்கு எளிது: முன்னால் 19 சேர்த்துப் பிறந்த ஆண்டை நாலு இலக்கமாக்கி, அடுத்து வரும் மூன்று நாள் இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியம் போட்டு, மிச்சத்தை அப்படியே எழுதி, கடைசி எழுத்தை விட்டுவிடுவது. தொழிற்பேரவையின் பழைய கோவையில் 9 இலக்கமும் உங்கள் புது விண்ணப்பத்தில் 12 இலக்கமும் இருந்து, அதோடு பெயரும் வேறாக இருந்தால், கோவையைத் தேடுபவருக்கு நீங்கள் அகப்படவே மாட்டீர்கள். விண்ணப்பத்தில் இரண்டு வடிவத்தையும் எழுதுங்கள்.

கடவுச்சீட்டு உள்நாட்டுப் பேரவைகளுக்கு அவசியமில்லை. வெளிநாட்டுச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு அவசியம், காரணம் எழுத்து. தமிழிலும் சிங்களத்திலும் மட்டும் பெயர் இருக்கும் பழைய அடையாள அட்டை, ஆங்கில எழுத்தில் பெயரைக் கேட்கும் பரீட்சை மண்டபத்தில் செல்லாது.

கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப்பெயர், ஏனைய பெயர்கள் என்று இரண்டு பெட்டி இருக்கும். எங்களுக்குக் குடும்பப்பெயர் என்ற வழக்கம் இல்லை. தகப்பன் பெயரோ கணவர் பெயரோ அந்தப் பெட்டியில் போகும். எதைப் போட்டீர்களோ அதுதான் இனி உலகம் முழுக்க உங்கள் 'கடைசிப்பெயர்'. தொழிற் சான்றிதழ் தந்த நிறுவனத்தின் இணையக் கணக்கில் உங்கள் சொந்தப் பெயரைக் கடைசிப்பெயராகக் கொடுத்திருந்தால், எழுத்து ஒன்றுகூட மாறாமலேயே இரண்டும் பொருந்தாமல் போகும். பெயர் மாற்றம் கேட்கும் இதே விண்ணப்பத்தில் அந்த இடமாற்றத்தையும் கேட்டு முடித்துவிடுங்கள்.

நீண்ட பெயர்காரர் கவனிக்க: கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் இரண்டு வரி உண்டு. வரிக்கு 44 எழுத்து, முதல் வரியில் 5 இடம் ஆவண வகைக்கும் நாட்டுக்கும் போக, பெயருக்கு மிஞ்சுவது 39. சிவசுப்பிரமணியம் என்ற ஒரு பெயர் மட்டுமே ஆங்கிலத்தில் 15 எழுத்து. இரண்டு மூன்று பெயர் சேர்ந்தால் அந்த வரியில் வெட்டுப்படும். வெட்டுப்பட்டதைப் பார்த்து நிரப்பாதீர்கள். மேலே அச்சிட்டிருக்கும் முழுப்பெயரையே எங்கும் எழுதுங்கள்.

சத்தியக் கடதாசியும் மொழிபெயர்ப்பும்

அடித்தளமும் அடையாள அட்டையும் இருந்தும் இடையில் ஏதாவது ஒட்டாமல் நின்றால், அதை ஒட்ட வைப்பது சத்தியக் கடதாசி. சமாதான நீதவானிடமோ சத்தியப்பிரமாண ஆணையாளரிடமோ செய்யலாம். அதில் இருக்க வேண்டியவை: பழைய பெயர் முழுதாக, புதுப்பெயர் முழுதாக, சான்றிதழில் அச்சிட்டுள்ள வடிவம் அப்படியே, முதலெழுத்துகளின் விரிவு, அடையாள அட்டை இலக்கம், தொழிற்பதிவு இலக்கம், பெயர் மாறிய காரணமும் திகதியும், இவை யாவும் என் ஒருவரையே குறிக்கின்றன என்ற வசனம். பதிவு இலக்கத்தை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பெயர் மாறினாலும் மாறாமல் இருப்பது அந்த இலக்கம் ஒன்றே. அது இல்லாத சத்தியக் கடதாசி பேரவைக்குப் பாதிப் பயன்தான்.

தட்டச்சுக் கடையில் இருக்கும் மாதிரியை அப்படியே பாவிக்காதீர்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் பௌத்தர்களும் உறுதி கூறுவார்கள். கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்வார்கள். முன்னர் வந்த ஆளின் மாதிரியில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால், தொடக்கத்தில் ஒன்றும் கையொப்பத்துக்கு மேலே வேறொன்றுமாக நிற்கும். நீதவான் முன்னால் கையெழுத்து வைக்கும் முன் இரண்டு இடத்தையும் வாசியுங்கள். நீதவானின் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மை மங்கிய முத்திரை ஸ்கானில் காணாமல் போகும்.

சத்தியக் கடதாசி துணைதான், அடித்தளம் ஆகாது. விவாகச் சான்றிதழோ திருத்திய பிறப்புச் சான்றிதழோ இல்லாமல் அதை மட்டும் அனுப்பினால் திரும்பி வரும்.

எங்கள் பக்கத்துப் பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள் தமிழில் இருக்கும். வெளிநாட்டு நிறுவனத்துக்கும், கொழும்பில் கேட்கும் இடத்துக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுத்து, உங்கள் பெயரையும் தகப்பன், கணவர் பெயரையும் அதில் உள்ள எழுத்துக்கூட்டலில் எழுதச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் காதுக்குச் சரியென்று பட்டபடி எழுதுவார், அவரில் பிழை சொல்ல முடியாது. நீங்கள் ஒழிக்கப் பாடுபடும் வேறுபாட்டில் ஐந்தாவது ஒன்று அங்கே பிறக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம், முத்திரை, திகதி. பின்னால் மூலப்பிரதியின் பிரதி. இரண்டு செட் எடுத்து வையுங்கள்.

ஸ்கான் பண்ணும்போது 300 டிபிஐ, கலர், நாலு மூலையும் தெரிய, பின்பக்கத்தில் முத்திரையோ குறிப்போ இருந்தால் அதையும் சேர்த்து, ஒரு ஆவணத்துக்கு ஒரு பீடிஎஃப். போனால் எடுப்பதென்றால் பகல் வெளிச்சத்தில், லமினேட் பண்ணிய சான்றிதழில் பளபளப்பு விழாமல் சரித்து எடுங்கள். பைலுக்குப் பெயர் வைக்கும்போது 'விவாகச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு' என்று ஆங்கிலத்தில் தெளிவாக வையுங்கள். கெமரா தரும் இலக்கப் பெயரோடு அனுப்பினால் பார்ப்பவர் எதைத் திறந்தோம் என்று அறியாமல் தடுமாறுவார்.

உள்நாட்டுப் பதிவுகள்

டொக்டர்மார், பல் வைத்தியர்கள், மருந்தாளர்கள், குடும்பநல மாதர்கள் ஆகியோரின் பதிவு கொழும்பில் இலங்கை மருத்துவ சபையிடம். பொறியியல் தொழில் செய்பவர்கள் 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பொறியியல் பேரவையில் பதிந்திருப்பார்கள். கணக்காளர், நிலஅளவையாளர், சட்டத்தரணி என்று மற்றவர்களுக்கும் தனித்தனி இடம். எந்த இடமானாலும் கேட்க வேண்டியது சான்றிதழை மாற்றித் தரும்படி அல்ல, பதிவேட்டில் பெயரைத் திருத்தும்படி. சான்றிதழ் என்பது பதிவேட்டின் நகல். பதிவேடு திருந்தினால் அடுத்த புதுப்பித்தலில் எல்லாம் தானாக ஒத்துவரும். பதிவேடு திருந்தாமல் கடதாசி மட்டும் புதிதாக வந்தால், ஒரு மருத்துவமனை இணையத்தில் சரிபார்க்கும் நாளில் பழைய பெயர் மேலே வந்து நிற்கும்.

மருந்தாளர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை தரும் பார்மசி உரிமத்துக்குப் பொறுப்பான மருந்தாளரின் பெயர் கொடுக்கப்பட்டிருக்கும். மருத்துவ சபையில் பெயரை மாற்றிவிட்டு அதிகாரசபைக்குச் சொல்லாவிட்டால், உரிமம் புதுப்பிக்கும் நேரம் கடை முதலாளியின் விண்ணப்பம் உங்கள் பெயரால் தடைப்படும். முதலில் மருத்துவ சபை, அவர்கள் தந்த திருத்தத்தின் பிரதியோடு அதிகாரசபை, பிறகு கடையில் கொளுவியிருக்கும் சான்றிதழ். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்க வேண்டாம்.

என்.வீ.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள், அதை வழங்கிய பயிற்சி நிறுவனத்தின் வழியாகவே போக வேண்டும். படித்த நிலையத்தில் உங்கள் மதிப்பீட்டுக் கோவை இருக்கும். அங்கே பெயர் திருந்தாமல் மேலே மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவுக்கு எழுதுவதில் பயன் குறைவு.

பட்டச் சான்றிதழையும் சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்களையும் கல்யாணப் பெயருக்கு மாற்ற அலைய வேண்டாம். வந்தாறுமூலையில் படித்தாலும் ஒலுவிலில் படித்தாலும், பட்டம் பெற்ற நாளில் இருந்த பெயரைத்தான் அந்தக் கடதாசி சாட்சி சொல்கிறது. அது அப்படியே இருக்கட்டும். இணைப்புக் கடதாசிகளை அதனோடு வைத்துக் கொடுத்தால் போதும். பிறப்புப் பதிவிலேயே பெயர் திருத்தியவர்கள் மட்டும் பரீட்சைத் திணைக்களத்தில் விசாரித்துப் பார்க்கலாம்.

வெளிநாட்டுச் சான்றிதழ்கள்

கணக்கியலில் ஏ.சீ.சீ.ஏ., சீமா, திட்ட முகாமைத்துவத்தில் பீ.எம்.ஐ., கணினித் துறையில் சிஸ்கோ, கொம்ப்டியா போன்றவற்றுக்கு இணையத்தில் கணக்கு இருக்கும். சிலதில் முகவரியை நீங்களே மாற்றலாம், பெயரை மாற்ற முடியாதபடி பூட்டியிருப்பார்கள். உதவிப் பிரிவுக்கு விண்ணப்பித்து ஆதாரம் அனுப்ப வேண்டும்.

செய்யவே கூடாத ஒன்று: பழைய கணக்கில் பெயர் மாறவில்லை என்று புதுப்பெயரில் இன்னொரு கணக்கைத் திறப்பது. சித்தியடைந்த பரீட்சை எல்லாம் பழைய இலக்கத்தில் கிடக்கும், புது இலக்கம் வெறுமையாக இருக்கும். இரண்டையும் ஒன்றாக்குவதற்குப் பெயர் மாற்றுவதைவிட அதிக காலம் போகும். பழைய ஈமெயில் வேலைத்தலத்து ஈமெயில் என்றால், பெயர் மாற்றம் கேட்பதற்கு முன்பே அதை உங்கள் சொந்த ஈமெயிலுக்கு மாற்றி, கடவுச்சொல் மீட்பு வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் கணக்கைக் களவெடுக்க யாரோ பார்க்கிறார்கள் என்று பூட்டிவிடுவதும் உண்டு.

பரீட்சைக்குத் திகதி எடுத்திருந்தால் இன்னும் கவனம். இப்படியான நிறுவனங்களுக்காகப் பரீட்சை நடத்தும் பியர்சன் வீ.யூ.ஈ. மாதிரியான மண்டபங்களில் பதிவில் உள்ள பெயரும் கையில் இருக்கும் அடையாள ஆவணமும் ஒத்திருக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய காசும் போகும். அந்தப் பெயர் மண்டபத்துக்குச் சொந்தமானது அல்ல. சான்றிதழ் தரும் நிறுவனத்திலிருந்து அங்கே போவது. அதனால் மண்டபத்தில் கெஞ்சிப் பயன் இல்லை. கடவுச்சீட்டு இன்னும் பழைய பெயரில் இருந்தால் பழைய பெயரிலேயே பரீட்சையை எழுதி முடித்துவிட்டுப் பெயரை மாற்றுங்கள். கடவுச்சீட்டு ஏற்கெனவே மாறிவிட்டதென்றால், சான்றிதழ் நிறுவனத்தில் பெயர் மாறியதை உறுதிசெய்து, பரீட்சை உறுதிப்படுத்தல் ஈமெயிலில் புதுப்பெயர் வந்ததைக் கண்ணால் கண்ட பிறகு கொழும்புக்கு ரயில் ஏறுங்கள். மட்டக்களப்பில் இருந்து இரவு முழுக்கப் பயணம் செய்து போய் வாசலில் திரும்புவது யாருக்கும் வர வேண்டாம்.

பெயர் மாறினால் சான்றிதழின் காலம் நீளாது. பீ.எம்.ஐ. தரும் பீ.எம்.பீ. சான்றிதழ் வைத்திருப்பவர் 3 ஆண்டுக்குள் 60 புள்ளி சேர்க்க வேண்டும் என்பது பெயர் மாறினாலும் அதே திகதிக்குத்தான். காலாவதி கிட்டே இருந்தால் முதலில் புதுப்பித்துவிட்டுப் பெயர் மாற்றத்துக்குப் போங்கள். பெயர் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது கணக்கு இடைநிறுத்தப்பட்டால் இரண்டு வேலையும் சேர்ந்து சிக்கும்.

கூட வைக்கும் கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மேலே பதிவு இலக்கம், அதன் கீழ் 'தற்போது பதிவில் உள்ள பெயர்', 'மாற்ற வேண்டிய பெயர்' என்று இரண்டு வரி. எது முதற்பெயர், எது கடைசிப்பெயர் என்று பிரித்துக் காட்டுங்கள். அதன் பிறகு காரணமும் திகதியும் ஒரு வசனத்தில்.

வெளிநாட்டுக்கு எழுதும் கடிதத்தில் இன்னும் ஒரு பந்தி கட்டாயம் வேண்டும், இதை எழுதாததால்தான் எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் அதிகம் மாட்டுப்படுகின்றன. அந்தப் பந்தி இப்படிப் போகலாம்: இலங்கைத் தமிழர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பரம்பரைக் குடும்பப்பெயர் வழக்கம் பொதுவாக இல்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பெட்டியில் என் சொந்தப் பெயர் மட்டும் இருக்கிறது. தகப்பன் பெயர் வேறு பெட்டியில் இருக்கிறது. பழைய சான்றிதழில் பெயருக்கு முன்னால் இருப்பது தகப்பன் பெயர், இப்போது கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடத்தில் இருப்பது கணவர் பெயர், அது விவாகச் சான்றிதழில் இன்ன இடத்தில் உள்ளது. இப்படி விரல் வைத்துக் காட்டுவதுபோல் எழுதினால், பெயர்ப் பெட்டியில் ஒரே ஒரு சொல் இருப்பதைப் பார்த்து 'முழுமையற்ற ஆவணம்' என்று யாரும் தள்ளமாட்டார்கள்.

கடைசியில் இணைப்புகளுக்கு இலக்கமிட்டு எழுதி, பைல்களுக்கும் அதே இலக்கம். தபாலில் போவதென்றால் பதிவுத் தபால், பற்றுச்சீட்டைப் போனில் படமெடுத்து வையுங்கள். மூலப்பிரதி எதையும் கேட்காமல் அனுப்பாதீர்கள். சில நிறுவனங்கள் புதுச் சான்றிதழ் தருவதற்குப் பழையதைத் திருப்பி அனுப்பச் சொல்லும். அனுப்புவதற்கு முன் கலர் ஸ்கானும், சமாதான நீதவான் உறுதிப்படுத்திய பிரதி இரண்டும் எடுத்துவிடுங்கள். பழைய பெயரில் நீங்கள் தகுதி பெற்றதற்கு வீட்டில் மிஞ்சப்போகும் சாட்சி அதுதான்.

மாறியது என்று பதில் வந்ததும்

பதில் ஈமெயிலை நம்பி விடாமல், பொதுப் பதிவேட்டைத் திறந்து பதிவு இலக்கத்தால் ஒருமுறையும் புதுப்பெயரால் ஒருமுறையும் தேடுங்கள். இலக்கத்தால் வந்து பெயரால் வராவிட்டால் எங்கேயோ எழுத்து தவறியிருக்கிறது. பெரும்பாலும் ஒரு இடைவெளி அல்லது இரட்டித்த எழுத்து. அன்றைக்கே எழுதுங்கள், கோவை இன்னும் மேசையில் இருக்கும். டிஜிட்டல் பட்ஜ், அதாவது தகுதியை இணையத்தில் காட்டும் மின்னணுச் சின்னம், இருந்தால் அதைத் தனியாகப் பாருங்கள். முன்னர் வழங்கியதில் பெயர் தானாக மாறும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பிறகு வேலைத்தலம். அரச ஊழியர்கள் தனிப்பட்ட கோவையில் பெயர் மாற்றத்தைப் பதிவித்து, விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் பதிவிலும் திருத்துவிக்க வேண்டும். தனியார் துறையில் ஊழியர் சேமலாப நிதியில் உள்ள பெயரும் அடையாள அட்டை இலக்கமும். வங்கிக் கணக்கின் பெயரும் சம்பளப் பட்டியலின் பெயரும் ஒரே மாதத்தில் மாறும்படி இரண்டு இடத்துக்கும் ஒன்றாகக் கொடுங்கள். ஒன்று முந்தினால் அந்த மாதச் சம்பளம் வங்கியில் தேங்கும்.

எல்லாக் கடதாசியையும் ஒரே பைலில் போட்டு, முதலில் எழுதிய அந்தப் பெயர்ப் பட்டியல் தாளை மேலே வையுங்கள். எந்த இடத்தில் எந்தத் திகதியில் மாறியது என்று அதன் ஓரத்தில் குறித்துவந்தால், அடுத்த புதுப்பித்தலின்போது எதை இணைக்க வேண்டும் என்று தேட வேண்டியிராது.